மயாமிக்குக் குடிவரும் தமிழருக்கு: ஸ்பானிஷ் பேசும் ஊரில் பேச்சும் பழக்கமும்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ மயாமிக்கு வரும் நம்மவர்கள் பலரும் ஒரு முன்முடிவோடு வந்து இறங்குகிறார்கள். அமெரிக்கா என்றால் ஆங்கிலம். ஸ்பானிஷ் என்பது தோட்ட வேலைக்காரரும் சமையல்காரரும் பேசுவது. இந்த எண்ணம் எந்த ஊரிலும் தவறுதான். மயாமியில் முதல் வாரத்திலேயே காலை வாரிவிடும். வங்கி மேலாளர், இதய மருத்துவர், பள்ளி முதல்வர், மேயர், உங்கள் வீட்டுக்காரர் என எல்லோருமே இங்கே வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்களாக இருக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மயாமி-டேட் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 27 லட்சம் பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். ஹயலியா நகரில் அது 90 விழுக்காட்டுக்கும் மேல். ஸ்பானிஷ் இங்கே வியாபாரத்தின் மொழி, அதிகாரத்தின் மொழி, துக்கத்தின் மொழியும்கூட.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் வணக்கம் சொல்லுங்கள், எந்த மொழியில் பேசுவது என்பதை எதிரில் இருப்பவர் தீர்மானிக்கட்டும்.

வருவதற்கு முன்: யார், எங்கிருந்து, ஏன்

1959இல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்ததும் கியூபாவின் வசதி படைத்தவர்களும் தொழில்முறைக்காரர்களும் முதலில் வந்தார்கள். 1965 முதல் 1973 வரை தினசரி விமானங்களில் நடுத்தர மக்கள் வந்தார்கள். 1980இல் மரியெல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் படகுகளில் வந்தவர்கள் மட்டும் சுமார் 1,25,000 பேர். அதே பத்தாண்டில் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய நிகராகுவா மக்கள் ஸ்வீட்வாட்டர் பகுதியில் குடியேறினார்கள். அதிபர் ஹ்யூகோ சாவேஸ் காலத்திலிருந்து வெனிசுவேலாக்காரர்கள் டொரல் நகரை நிரப்பினார்கள். கெண்டல் பக்கம் கொலம்பியர் அதிகம். மெக்சிகோக்காரர்களை நீங்கள் பெரும்பாலும் தெற்கே ஹோம்ஸ்டெட் விவசாயப் பகுதியில்தான் பார்ப்பீர்கள். எனவே ஸ்பானிஷ் பேசுகிறவர்களையெல்லாம் ‘மெக்சிகன்’ என்று சொல்லும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். நம்மைப் பார்த்து ‘மதராசி’ என்று சொன்னால் எப்படிச் சுருக்கென்று இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

மொழிச் சண்டையும் இங்கே நடந்திருக்கிறது. 1973இல் கவுண்டி தன்னை இருமொழிப் பகுதியாக அறிவித்தது. மரியெல் படகுகள் வந்த அதே 1980இன் நவம்பரில், அரசுப் பணத்தை ஆங்கிலம் தவிர வேறு மொழிக்குச் செலவிடக் கூடாது என்று கவுண்டி வாக்காளர்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். 1988இல் புளோரிடா மாநிலம் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது. கவுண்டிச் சட்டம் 1993இல்தான் நீக்கப்பட்டது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையோ இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டத்தையோ அறிந்தவருக்கு, ஒரு மொழியைச் சட்டத்தால் ஒடுக்குவது எப்படி ஆறாத காயமாகிவிடும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்று 70 வயதைத் தாண்டிய கியூபர் பலர், கடையில் ‘இங்கே ஆங்கிலத்தில் பேசு’ என்று அதட்டப்பட்ட நாட்களை மறக்கவில்லை. அந்த வாக்கியத்தை எந்தக் கோபத்திலும் நீங்கள் சொல்லாதீர்கள்.

முதல் நாள்: வணக்கம்

நம் நிறத்தையும் முகத்தையும் பார்த்து உங்களை டொமினிக்கர் என்றோ கொலம்பியர் என்றோ எண்ணி ஸ்பானிஷில் பேசுவார்கள். எரிச்சல்பட ஒன்றுமில்லை. இந்த வரிசையில் பதில் சொல்லுங்கள்:

1. ‘புவேனஸ்’. காலை, மாலை, இரவு எதற்கும் செல்லும். முறையாகச் சொல்வதானால் காலையில் புவேனோஸ் தியாஸ், பிற்பகலில் புவேனஸ் தார்தெஸ், இருட்டிய பின் புவேனஸ் நோச்செஸ்.
2. ‘திஸ்குல்பே, ஆப்லோ போக்கோ எஸ்பஞோல்’. மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம்தான் ஸ்பானிஷ் தெரியும்.
3. ‘ஆப்லா இங்க்லேஸ்?’ ஆங்கிலம் பேசுவீர்களா?

வரிசை மாறினால் காரியம் கெடும். கவுண்டருக்கு வந்ததும் எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் ‘ஆங்கிலம் தெரியுமா’ என்று கேட்டால், இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கூடத் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒரு ‘புவேனஸ்’ முன்னால் வந்தால் அதே ஆள் ஆங்கிலத்துக்கு மாறி, பக்கத்துக் கடை விலையையும் சேர்த்துச் சொல்வார்.

கடையில் மட்டுமில்லை, மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் லிஃப்டிலும் நுழையும்போது பொதுவாக எல்லோருக்கும் ஒரு வணக்கம் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போனால் ‘புவென் ப்ரோவேச்சோ’, நன்றாகச் சாப்பிடுங்கள். விருந்திலிருந்து கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நண்பர் வட்டத்தில் பெண்கள் தங்களுக்குள்ளும் ஆண்–பெண் இடையேயும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்த ஓசை எழுப்புவார்கள், பெரும்பாலும் வலக் கன்னத்தில். உதடு படாது. ஆண்கள் தங்களுக்குள் கைகுலுக்கித் தோளைத் தட்டுவார்கள். விருப்பமில்லையென்றால் சற்றுத் தள்ளி நின்று முதலில் நீங்களே கையை நீட்டிவிடுங்கள். சிரித்துக்கொண்டே செய்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைப்பெண் உங்களை ‘மி அமோர்’ என்பார், ‘கோரசோன்’ என்பார். அன்பே, இதயமே என்று பொருள். கோயம்புத்தூர்க் கடையில் ‘வாங்க கண்ணு’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. புதிதாக வந்த இளைஞர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். நீங்கள் பதிலுக்கு அப்படி அழைக்க வேண்டாம்.

நீ, நீங்கள்

இந்த விஷயத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட நமக்கு வசதி அதிகம். ‘து’ என்றால் நீ. ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். ஆனால் எல்லை கோடு நாட்டுக்கு நாடு மாறும். கியூபர் முதல் நிமிடத்திலேயே ‘து’வுக்கு வந்துவிடுவார், அது மரியாதைக் குறைவு இல்லை. போகோட்டா பக்கத்துக் கொலம்பியர் மனைவி மக்களிடம்கூட ‘உஸ்தெத்’ என்பார். அது விலகலும் இல்லை. நிகராகுவா, அர்ஜென்டினாக்காரர்கள் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்பார்கள். நீங்கள் எல்லோரையும் ‘உஸ்தெத்’ என்றே தொடங்குங்கள். வயதானவர்களிடம் கடைசி வரை அதிலேயே இருங்கள். அவர்களே ‘உஸ்தெத் வேண்டாம்’ என்று சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

காதும் நாக்கும்

ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் நம் அ, எ, இ, ஒ, உ மாதிரியேதான். ‘எஸ்பஞோல்’ என்பதில் வருவது சுத்தமான ஞ. ஒற்றை ர, அழுத்தமான ர என்ற வேறுபாட்டை ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகுவார்கள்; நமக்கு அது ஒரு நாள் வேலை. ப, த, க ஒலிகளை மூச்சுக் காற்று விடாமல் சொல்வதும் நமக்கு இயல்பு. ஆங்கில உச்சரிப்பைக் கலக்காமல் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தாலே உங்கள் ஸ்பானிஷ் புரியும். புரிந்ததும் எதிரில் இருப்பவர் மடமடவென்று பேசத் தொடங்குவார் என்பதுதான் சிக்கல். ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்’ என்று நிறுத்துங்கள், கொஞ்சம் மெதுவாக. கியூபர் சொல்லின் இறுதியில் வரும் ஸ ஒலியை விழுங்கிவிடுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். ‘புவேனஸ்’ அவர்கள் வாயில் ‘புவேனா’ ஆகியிருக்கும்.

தொலைபேசியில் பெயரையோ மின்னஞ்சலையோ எழுத்துக் கூட்டும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. காரணம் எளிது. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்று நீங்கள் சொல்லும் எழுத்து ஸ்பானிஷ் காதில் அவர்களுடைய ‘எ’ எழுத்தாக விழுகிறது. நீங்கள் ‘ஈ’ என்பது அவர்களுக்கு ‘இ’ எழுத்து. மீனா தன் பெயரை எம்–ஈ–ஈ–என்–ஏ என்று சொன்னால் எதிர்முனையில் எம்–ஐ–ஐ–என்–ஈ என்று பதிவாகிவிடும். பிறகு காப்பீட்டு அட்டையும் பாஸ்போர்ட்டும் பொருந்தாது. மருந்துக்கடையில் நிறுத்தி வைப்பார்கள். வி, பி இரண்டும் அவர்களுக்கு ஒரே ஒலி. ஜே எழுத்து ‘ஹ’ ஆகிவிடும். ஹெச் ஒலிக்கவே ஒலிக்காது. இதற்கு ஒரு சின்ன அட்டை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ எழுத்துக்கு ஆனா, ஈ எழுத்துக்கு எலேனா, ஐ எழுத்துக்கு இசபெல், வி எழுத்துக்கு வெனிசுவேலா, பி எழுத்துக்கு பார்சலோனா, ஜே எழுத்துக்கு ஹோசே. முடிந்ததும் அவர்களையே திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதிலும் கவனம் வேண்டும். கியூபர்களிடையே ‘பப்பாயா’ என்பது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். பழத்தை ‘ஃப்ருத்தா போம்பா’ என்பார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் ‘அஹோரீத்தா’ வருகிறேன் என்றால், அவர் கியூபராக இருந்தால் ‘அப்புறம்’ என்றும், வெனிசுவேலாக்காரராக இருந்தால் ‘இப்போதே’ என்றும் பொருள்படலாம். ‘அ கே ஓரா?’ என்று மணி கேட்டு வாங்குங்கள்.

வெந்தானித்தா: ஜன்னல் காபி

கியூப உணவகங்களின் முன்புறச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கும். அதுதான் வெந்தானித்தா. நின்றபடியே காபி குடிக்கலாம், அரசியல் பேசலாம், வேலை விசாரிக்கலாம். கய்யே ஓச்சோ என்னும் எட்டாம் தெருவில் 1971 முதல் இருக்கும் வெர்சாய் உணவகத்தின் ஜன்னல் இவற்றில் புகழ்பெற்றது. கியூபாவில் எது நடந்தாலும் தொலைக்காட்சி வண்டிகள் முதலில் அங்கேதான் நிற்கும்.

தயாரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். டம்ளரில் சர்க்கரையைப் போட்டு, இயந்திரத்திலிருந்து சொட்டும் முதல் சில துளி கெட்டி டிக்காஷனை மட்டும் அதில் விட்டு, வெளிறிப் பசைபோல் ஆகும் வரை கரண்டியால் அடிப்பார்கள். பிறகு மீதிக் காபியை ஊற்றும்போது பழுப்பு நுரை மேலே எழும். அந்த நுரை எஸ்புமித்தா. கேட்கும்போது:

கஃபெசித்தோ என்றால் ஒருவருக்கான ஒரு வாய்க் காபி. கோர்தாதித்தோ என்றால் அதில் கொஞ்சம் சூடான பால். கஃபே கோன் லெச்சே என்றால் பெரிய கோப்பையில் நிறையப் பால். நம் காபிக்கு நெருக்கமானது இதுதான். கொலாதா என்றால் நாலைந்து பேருக்கான காபி ஒரே கோப்பையில் வரும், கூடவே கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் குப்பிகள். கொலாதாவை ஒருவரே குடிப்பதில்லை. வாங்கியவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். புது வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் பிற்பகல் 3 மணிவாக்கில் ஒரு கொலாதாவோடு வந்து நில்லுங்கள். பத்துக் கூட்டங்களில் உட்கார்ந்தாலும் கிடைக்காத அறிமுகம் அன்றே கிடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘சின் அசூக்கார்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். போட்ட பின் எடுக்க முடியாது.

சைவம் சாப்பிடுபவருக்கு

‘கார்னே’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்கும் அந்தச் சொல் முதலில் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். ‘சின் கார்னே’ என்று கேட்டு வாங்கிய தட்டில் கோழியோ பன்றித் துண்டோ வந்தால் அவர்கள் ஏமாற்றவில்லை. முழுதாகச் சொல்லுங்கள்: ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்’. இறைச்சி, கோழி, மீன், பன்றித்தொடை எதுவும் சாப்பிடுவதில்லை.

மறைந்திருப்பவை தனி. கறுப்பு அவரையை வேகவைக்கும்போது பன்றித் துண்டு போடும் வழக்கம் உண்டு. அரிசியும் அவரையும் சேர்ந்த மோரோஸில் அது இன்னும் அதிகம். மஞ்சள் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்தது. ‘தியேனே ஹமோன்? தியேனே கால்தோ தே போயோ?’ (பன்றித்தொடை இருக்கிறதா? கோழிச் சாறு இருக்கிறதா?) என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். பஃப் போன்ற பஸ்தெலித்தோவில் கொய்யாவும் சீஸும் வைத்தது உள்ளே சைவம்தான், ஆனால் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கியூபருக்கு ‘மந்தேக்கா’ என்றால் அந்தக் கொழுப்பு. அர்ஜென்டினாக்காரருக்கு அதே சொல் வெண்ணெய். ‘மந்தேக்கா தே செர்தோ’ என்று பன்றியையும் சேர்த்துக் கேட்டால் குழப்பம் இல்லை.

நம்பிச் சாப்பிட நிறையவே உண்டு. பச்சை வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தொஸ்தோனெஸ், பழுத்த வாழையைப் பொரித்த மதூரோஸ், பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு, சீஸ் வைத்த வெனிசுவேலா மக்காச்சோள ரொட்டியான அரேப்பா. பொரிக்கும் எண்ணெய் பொதுவானதா என்று மட்டும் விசாரியுங்கள். செடானோஸ் போன்ற கியூப சூப்பர்மார்க்கெட்டில் மரவள்ளி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி வகையான போனியாத்தோ, சேம்பின் உறவான மலாங்கா எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். சமையலுக்கு இந்தியக் கடையைத் தேடிப் பல மைல் ஓட வேண்டியதில்லை.

பேசக் கூடாதவை

சே குவேரா படம் போட்ட சட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அது இளமையின், எதிர்ப்பின் அடையாளம். இங்கே உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அண்ணன், 1959இல் சே தலைமை வகித்த லா கபாஞ்ஞா கோட்டைச் சிறையில் சுடப்பட்டவராக இருக்கலாம். காஸ்ட்ரோ காலத்து மருத்துவம், கல்வி பற்றிய பாராட்டும் அப்படியே. உங்கள் கொள்கை உங்களோடு இருக்கட்டும். ஆனால் நாட்டை விட்டு ஓடிவந்தவரிடம், அவரைத் துரத்தியவரைப் புகழ்வது எப்படி இருக்கும் என்று ஈழத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். வெனிசுவேலாக்காரரிடம் சாவேஸ், நிகராகுவாக்காரரிடம் அந்நாட்டு ஆட்சியாளர் ஒர்த்தேகா என்றாலும் இதே நிலைதான். கேட்பதில் தவறில்லை, அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் பெயரே லெனின், ஸ்டாலின், ஃபிடல், காஸ்ட்ரோ என்று இருக்கலாம். தமிழ்நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்கள். ஹயலியாவில் பெயரைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும். ‘எஸ் எல் நோம்ப்ரே கே மே புசோ மி பபா’, அப்பா வைத்த பெயர் என்று சொல்லிவிடுங்கள். அப்பா பேச்சு வந்ததும் இறுக்கம் தளரும்.

குடியேற்ற ஆவணங்களைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். எப்படி வந்தீர்கள், பச்சை அட்டை இருக்கிறதா என்பது நமக்குள் சாதாரண விசாரிப்பு; இங்கே அந்தக் கேள்வி அச்சத்தைக் கிளப்பும்.

உங்களைப் பற்றி அவர்கள் சொல்வதும் முதலில் இடறும். இந்தியர்களை ‘இந்து’ என்பார்கள், நீங்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ ஆனாலும். மதத்தை வைத்து அல்ல, நாட்டை வைத்து. ‘இந்தியோ’ என்பது அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளைக் குறிக்கும், சில நாடுகளில் வசவாகவும் வரும். உங்களைப் பற்றிச் சொல்ல நீங்களே அதைப் பயன்படுத்த வேண்டாம். ‘சோய் தே லா இந்தியா’ அல்லது ‘சோய் தே ஸ்ரீ லங்கா’ போதும்.

முகத்தைப் பார்த்து ஸ்பானிஷில் தொடங்குவதும் எப்போதும் சரியில்லை. மயாமியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் பலருக்கு ஆங்கிலம்தான் முதல் மொழி. அவர்கள் ஆங்கிலத்தில் காரிலிருந்து ‘கெட் டவுன்’ என்பார்கள்; ஸ்பானிஷ் வாக்கியம் அப்படியே ஆங்கிலமான இந்தப் பேச்சைப் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிற நமக்கு அது உடனே புரியும். லிட்டில் ஹெய்ட்டி பக்கம் போனால் ஸ்பானிஷைப் பையில் போட்டுவிட்டு, காலையில் ‘போன்ஜூ’, நண்பகலுக்குப் பிறகு ‘போன்ஸ்வா’ என்று சொல்லுங்கள்; ஹெய்ட்டி மக்களின் மொழி க்ரேயோல். கறுப்பின மக்களும் ஹெய்ட்டியரும் ஸ்பானிஷ் தெரியாததால் வேலை இழந்த கசப்பு இந்த ஊரில் உண்டு. அவர்கள் முன்னால் ‘இங்கே ஸ்பானிஷ் கற்றால்தான் பிழைக்கலாம்’ என்று பெருமையாகச் சொல்லாதீர்கள்.

மருத்துவமனை, நோட்டரி, வேலை, பள்ளி

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மத்திய அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அதை இலவசமாகத் தர வேண்டும். தமிழுக்குத் தொலைபேசி வழியாகக் கிடைக்கும். ‘இந்தியர்’ என்று எழுதிக்கொண்டு இந்தி ஆளை இணைத்துவிடுவார்கள், ஆகவே ‘தமிழ்’ என்று பதிவுசெய்யும்போதே அழுத்திச் சொல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். 1980இல் தென் புளோரிடாவில் ஒரு கியூபக் குடும்பம், மகனுக்கு ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் ‘இந்தோக்சிகாதோ’ என்றது. போதை மருந்து என்று புரிந்துகொண்டு சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் இரத்தக்கசிவு. 18 வயது இளைஞர் கை கால் செயலிழந்தார்.

‘நோத்தாரியோ’, ‘பலவகைச் சேவை’ என்று பலகை போட்ட கடைகளில் விசா, பச்சை அட்டை ஆலோசனை வாங்காதீர்கள். லத்தீன் அமெரிக்காவில் நோட்டரி என்பவர் தேர்ந்த சட்ட வல்லுநர், இந்தியாவிலும் பெரும்பாலும் வழக்கறிஞர். இங்கே அவர் கையொப்பத்துக்குச் சாட்சி சொல்லி முத்திரை குத்துபவர் மட்டுமே. ‘நோத்தாரியோ’ என்று விளம்பரம் செய்வதைப் புளோரிடா சட்டம் தடுக்கிறது. பணம் போவதுகூடப் பெரிதில்லை, தவறாக நிரப்பிய படிவம் பல ஆண்டுகள் பின்தொடரும்.

வேலை விளம்பரத்தில் ‘இருமொழி அவசியம்’ என்றிருந்தால் நேர்காணலின் பாதி ஸ்பானிஷில் நடக்கும். ‘விரும்பத்தக்கது’ என்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். பொது நூலகங்களிலும் மயாமி டேட் கல்லூரியிலும் மொழி வகுப்புகளை விசாரிக்கலாம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி மூன்று கேள்விகள் கேட்பார்கள். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி உண்டா, குழந்தையின் முதல் மொழி வேறா, இப்போது அதிகம் பேசுவது வேறு மொழியா. ‘ஆம்’ என்றால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் ஈசால் என்னும் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி தருவார்கள். இதற்குப் பயந்து ‘ஆங்கிலம்’ என்று பொய் எழுதுகிறார்கள் சில பெற்றோர். குழந்தை பாடம் புரியாமல் பின்தங்கிய பிறகு ஓடிவருவதைவிட உண்மையை எழுதுவதே நல்லது. பயிற்சி தண்டனையல்ல, தேறியதும் வெளியே வந்துவிடலாம். கூடவே இருமொழிப் பிரிவு உள்ளதா என்றும் கேளுங்கள். 1963இல் கோரல் வே தொடக்கப்பள்ளியில் கியூபக் குழந்தைகளும் ஆங்கிலக் குழந்தைகளும் பாதி நாள் ஒரு மொழி, பாதி நாள் மற்றதில் படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அது பழகிய வழி. இடம் குறைவு, ஆகவே சேர்க்கை திறக்கும் தேதியைப் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.